குழியோரத்தில் ஒரு பழைய லேப்டாப்

மூன்று வருஷத்துக்கு முன்னால், ஐப்பசி மாதத்தில் ஒரு மத்தியானம். மார்த்தாண்டத்தில் மீன் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். போன் சைலன்ட்டில் கிடந்தது. கை கழுவிவிட்டு எடுத்துப் பார்த்தால், நாகர்கோவில் சைட்டில், தோண்டிய குழியின் ஓரம் சரிகிறதா என்று பார்க்க நான் நட்டு வைத்திருந்த சாய்வு சென்சார் பதினொரு மெசேஜ் அனுப்பியிருக்கிறது. அதற்கடுத்தது மேஸ்திரி அனுப்பியது: "கிழக்குப் பக்கம் இடிஞ்சு போச்சு. ஆளு யாரும் உள்ள இல்ல."

எல்லாரும் சாப்பிட ஏறியிருந்தார்கள், அதனால் தப்பினார்கள். சென்சார் சரியாகத்தான் வேலை செய்தது, புரோகிராமும் சரிதான். செய்தி மட்டும் முப்பது கிலோமீட்டர் தள்ளி, சோற்றில் கை வைத்திருந்த ஒருவனுக்குப் போய்ச் சேர்ந்தது. குழிக்குள் நிற்கிறவனின் காதில் விழாத எச்சரிக்கையால் யாருக்கு என்ன பிரயோசனம்? அன்றைக்கு இரவே மொத்த ஏற்பாட்டையும் கழற்றித் திரும்பக் கட்டினேன். அப்படிக் கட்டியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் டிப்ளமோ சிவில். கன்னியாகுமரி மாவட்டம், தக்கலைக்காரன். கடைகளுக்கு அடித்தளம், தாங்குசுவர், பெரிய செப்டிக் டேங்க், தண்ணீர் சம்ப், இப்படி இரண்டு முதல் நாலு மீட்டர் ஆழம் போகிற வேலைகள்தான் என்னுடையவை. புரோகிராம் எழுதித் தந்தது இன்ஜினியரிங் படிக்கும் அக்கா மகன். இரண்டு அடுக்கு பேஸ்மென்ட், பக்கத்திலேயே மாடிக்கட்டிடம் என்றெல்லாம் வந்தால் அது மண்ணியல் இன்ஜினியர் வந்து துளைக்குள் இன்கிளினோமீட்டர் (ஆழத்தில் மண் சாய்வதை அளக்கும் கருவி) இறக்கிச் செய்கிற வேலை. அதை இதில் கலக்க வேண்டாம்.

முதலில் முட்டு, அப்புறம் கம்ப்யூட்டர்

எந்தச் சென்சாரும் மண்ணைத் தாங்காது. ஒன்றரை மீட்டரைத் தாண்டிய குழி என்றால் ஓரத்தைச் சரிவாக வெட்ட வேண்டும், இல்லையென்றால் பலகை அடித்து முட்டுக் கொடுக்க வேண்டும். தோண்டிய மண்ணை விளிம்பிலிருந்து ஒன்றரை மீட்டரோ குழி ஆழத்தில் பாதியோ, எது அதிகமோ அவ்வளவு தள்ளிக் கொட்ட வேண்டும். நீளமான குழியில் முப்பது மீட்டருக்கு ஒரு ஏணியாவது வேண்டும், அது விளிம்புக்கு மேலே 90 செ.மீ. நீட்டிக்கொண்டு நிற்க வேண்டும். இதெல்லாம் பொதுப்பணி ஒப்பந்தங்களின் பாதுகாப்பு விதிகளில் இருப்பதுதான். அகழ்வு வேலைக்கென்றே ஐஎஸ் 3764 என்று தனித் தரநிலையும் உண்டு. இவற்றைச் செய்யாமல் சென்சார் நடுகிறவர், பிரேக் இல்லாத வண்டிக்கு ஹாரன் மாட்டுகிறார்.

ஒரு கன மீட்டர் மண் ஏறக்குறைய 1,800 கிலோ. மார்பு வரை மூடினாலே மூச்சுவிட முடியாமல் போகலாம்.

நம்ம மாவட்டத்தில் இன்னொரு சிக்கல், மண் ஊருக்கு ஊர் மாறும். மேற்கே கல்குளம், விளவங்கோடு பக்கம் வெட்டுக்கல் செம்மண். வேனலில் செங்குத்தாக வெட்டினாலும் சுவர் மாதிரி நிற்கும். "இது வெட்டுக்கல்லு மண்ணாக்கும் தம்பி, கல்லு போல நிக்கும்" என்று எத்தனையோ மேஸ்திரி அண்ணன்மார் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். நிற்கும்தான். ஆனால் அந்தக் கெட்டியான மேலடுக்குக்குக் கீழே பல இடங்களில் வெள்ளையும் மஞ்சளுமாக ஒரு களி இருக்கும். தண்ணீர் பட்டால் சோப்பு மாதிரி வழுக்கும். மேலே கல், கீழே சோப்பு. நாகர்கோவிலைச் சுற்றிக் குளமும் வயலும் நிரத்தி வீட்டுமனை ஆக்கிய இடங்களில் கறுப்புக் களி, கூடவே ஊற்றுத் தண்ணீர். கடற்கரையில் மணல், அது ஒன்றரை மீட்டர்கூட நிற்காது. தேரி என்கிற சிவப்பு மணலும் அப்படித்தான். எந்தச் சென்சாரை எங்கே வைப்பது என்பது இதைப் பொறுத்தது. மணலில் சாய்வு சென்சாரை நான் நம்புவதில்லை. அங்கே மண் முன்கூட்டிச் சொல்லிக்கொண்டு சரியாது.

ஜேசிபி இறங்குவதற்கு முன் இன்னொரு வேலை. தொலைத்தொடர்புத் துறை 2023-இல் கொண்டுவந்த 'கால் பிஃபோர் யூ டிக்' ஆப்பில் இடத்தைப் பதிவு செய்யுங்கள். கீழே கேபிளோ குழாயோ வைத்திருப்பவர்களுக்குத் தகவல் போகும். அதோடு நிறுத்தாமல் பக்கத்து வீட்டுக்காரரிடமும் கேளுங்கள். பழைய செப்டிக் டேங்க் எங்கே கிடக்கிறது என்பது எந்த ஆப்பிலும் இருக்காது.

சாய்வு சென்சார்: வெயில் என்னை ஏமாற்றிய விதம்

குழி ஓரம் சரிவதற்கு முன்னால், விளிம்புக்கு இணையாகத் தரையில் விரிசல் விழும். பெரும்பாலும் குழி ஆழத்தில் பாதி முதல் முக்கால் பங்கு தூரத்தில் விழும். மூன்றரை மீட்டர் குழி என்றால் விளிம்பிலிருந்து ஏறக்குறைய 1.75 முதல் 2.6 மீட்டருக்குள். அந்த விரிசலுக்கும் குழிக்கும் நடுவில் இருக்கிற மண்தான் சாயப்போகிற மண். ஒரு மீட்டர் நீள ஆங்கிள் இரும்பை எடுத்து, விளிம்பிலிருந்து முக்கால் மீட்டர் தள்ளி, பாதி தரைக்குள் போகும்படி அடித்து இறக்குங்கள். தலையில் சென்சார் பெட்டி. பக்கத்துக்கு மூன்று நாலு மீட்டருக்கு ஒன்று. கூடவே குழி ஆழத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு தள்ளி, அசையாத இடத்தில், அதே மாதிரி இன்னொரு கம்பு. இதை நாங்கள் 'சாட்சிக் கம்பு' என்று சொல்வோம். இது இல்லாமல் தொடங்கவே கூடாது. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் நான் வாங்கியது எம்பியு6050 என்ற சில்லு. விலை குறைவு, எங்கும் கிடைக்கும். நட்ட முதல் நாள் காலை பத்து மணிக்கு மேல் சாய்வு மெல்ல ஏறியது. பன்னிரண்டரைக்கு 0.8 டிகிரி. சைரன் அலறியது. ஆட்கள் ஏறி வந்தார்கள். நான் ரசமட்டம் வைத்துப் பார்த்தேன், கம்பு அப்படியே நிற்கிறது. மறுநாளும் அதே நேரம், அதே அலறல். மூன்றாம் நாள் சைரன் அடித்தபோது ஒருவரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஒரு கையாள் சிரித்துக்கொண்டே, "சார், உங்க கம்ப்யூட்டருக்குப் பசிக்குது" என்றான்.

சில்லு சூடானால் அதன் கணக்கு தள்ளிப்போகும், அவ்வளவுதான் விஷயம். இரண்டு மாற்றம் செய்தேன். பெட்டிக்கு வெள்ளை பெயின்ட் அடித்து, மேலே ஒரு ஓட்டுத்துண்டை நிழலுக்குக் கவிழ்த்தேன். சில்லையும் மாற்றி, சாய்வு அளப்பதற்கென்றே செய்யப்பட்ட எஸ்சிஎல்3300 போட்டேன். விலை பல மடங்கு, ஆனால் வெயிலுக்கு ஆடுவதில்லை. அப்போதும் இரும்புக் கம்பு வெயிலில் கொஞ்சம் வளையத்தான் செய்யும். அதற்குத்தான் சாட்சிக் கம்பு. குழியோரக் கம்பின் அளவிலிருந்து சாட்சிக் கம்பின் அளவைக் கழித்துவிட்டால் வெயில் போய்விடும், மண் மிஞ்சும். வரைபடத்திலும் பழகிய கண்ணுக்குத் தெரியும். வெயில் காட்டிய சாய்வு சாயங்காலம் திரும்பி வரும். மண் சாய்ந்தால் அது திரும்பி வருவதில்லை.

ஹிட்டாச்சி (மண் தோண்டும் பெரிய இயந்திரம்) ஓடும்போது வரும் அதிர்வு இன்னொரு தொல்லை. பத்து விநாடிக்கு ஒரு அளவு எடுத்து, கடைசி முப்பது அளவுகளை வரிசைப்படுத்தி நடுவில் இருப்பதை மட்டும் கணக்கில் கொள்கிறோம். சராசரி எடுத்தால் ஒரே ஒரு குலுக்கல் எல்லாவற்றையும் கெடுத்துவிடும்.

எவ்வளவு சாய்ந்தால் ஆபத்து? ஒரு மீட்டர் கம்பு ஒரு டிகிரி சாய்ந்தால் நுனி 17 மி.மீ. நகர்ந்திருக்கும். என் சைட்டுகளுக்கு நான் வைத்திருக்கும் அளவு இது: ஆறு மணி நேரத்தில் 0.3 டிகிரி போனால் மஞ்சள், சூப்பர்வைசர் போய் விரிசல் பார்க்க வேண்டும். ஒரு மணி நேரத்தில் 0.5 டிகிரி, அல்லது தொடக்கத்திலிருந்து மொத்தம் 1 டிகிரி என்றால் சிவப்பு, சைரன். இதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆள் இறங்காமல் இரண்டு நாள் ஓடவிட்டு, உங்கள் மண் சும்மா இருக்கும்போது எவ்வளவு ஆடுகிறது என்று பார்த்த பிறகு வையுங்கள்.

அளவைவிட வேகம் முக்கியம். ஒரு மணிக்கு 0.05, அடுத்த மணிக்கு 0.1, அதற்கடுத்து 0.2 என்று இரட்டித்துக்கொண்டு போனால் எல்லையைத் தொடும்வரை காத்திருக்கக் கூடாது. மலைச்சரிவு ஆய்வில் இதற்கென்றே ஒரு வழி உண்டு, ஃபுகுசோனோ என்ற ஜப்பானியர் 1985-இல் சொன்னது. 1 என்ற எண்ணை வேகத்தால் வகுத்து, நேரத்துக்கு எதிரே புள்ளி வைத்துக்கொண்டே போனால், சரிவு நெருங்க நெருங்கக் கோடு சுழியை நோக்கி இறங்கும். அது சுழியைத் தொடும் இடம் ஏறக்குறைய சரியும் நேரம். மலைக்கு நாள்கணக்கில் அவகாசம் கிடைக்கலாம். நம்ம குழிக்குக் கிடைப்பது சில நிமிஷம், சில நேரம் அதுவும் இல்லை. ஆகவே நான் இதை வைத்து நேரம் கணிப்பதில்லை. கோடு கீழ்நோக்கித் திரும்பினாலே ஆளை ஏற்றிவிடுவேன்.

விரிசலுக்கு இதைவிட மலிவான கருவி ஒன்று உண்டு. விரிசலின் இரு பக்கமும் ஒவ்வொரு ஆணி, நடுவில் டேப். தினமும் காலையில் போட்டோ எடுத்து எண்ணைத் தாளில் ஏற்றுங்கள். சென்சார் பொய் சொல்கிறதா என்பதை இந்த ஆணிகள்தான் காட்டிக்கொடுக்கும்.

லேப்டாப், சைரன், 'நலம்' என்ற சேதி

சென்சார் பெட்டிக்குள் இஎஸ்பி32 போர்டு (குட்டிக் கம்ப்யூட்டர்) ஒன்று, லோரா ரேடியோ (குறைந்த மின்சாரத்தில் தூரம் எட்டுவது) ஒன்று, சின்ன சோலார் தகடு, பேட்டரி. வயர் இழுக்காதீர்கள். டிப்பர் ஒரே நாளில் அறுத்துவிடும். லோரா வாங்கும்போது 865–867 மெகாஹெர்ட்ஸ் என்று கேட்டு வாங்குங்கள், இந்தியாவில் லைசென்ஸ் இல்லாமல் பயன்படுத்தலாம். 915 போர்டு நமக்கு ஆகாது.

சைட் ஷெட்டில் என் பழைய லேப்டாப். புதிய கம்ப்யூட்டர் தேவையே இல்லை. கரண்ட் போனால் லேப்டாப்பின் பேட்டரியே யுபிஎஸ். ஆனால் ஒரு நாள் காலை பதினொரு மணிக்கு அது தானாக அப்டேட் ஆகத் தொடங்கி நாற்பது நிமிஷம் நீலத் திரையோடு உட்கார்ந்திருந்தது. அன்றைக்கே அதை எடுத்துவிட்டு லினக்ஸ் இயங்குதளம் போட்டாயிற்று. மூடியை மூடினாலும் தூங்காதபடி செட்டிங்கை மாற்றுங்கள், டீ கிளாஸ் வைக்க யாராவது மூடிவிடுவார்கள்.

லேப்டாப்பில் ஓடுவது பைத்தான் மொழியில் எழுதிய ஒரு சின்னப் புரோகிராம். அளவை வாங்கும், சாட்சிக் கம்பைக் கழிக்கும், கோப்பில் சேமிக்கும், எல்லையோடு ஒப்பிடும். சிவப்பு வந்தால் சைரன் பெட்டிக்கு ரேடியோவிலேயே கட்டளை போகும். இதில் இன்டர்நெட் எங்கேயும் கிடையாது. மழை நேரத்தில் டவர் போய்விடும், அந்த மழை நேரத்தில்தான் நமக்கு வேலை. என் போனுக்கு வரும் டெலிகிராம் மெசேஜ் வந்தால் வரட்டும், வராவிட்டால் போகட்டும்.

சைரன் பெட்டி குழி விளிம்பில், கீழ்நோக்கித் திருப்பி வைத்தது. 12 வோல்ட் பேட்டரி. அதற்குள்ளும் ஒரு இஎஸ்பி32. லேப்டாப்பிலிருந்து ஒவ்வொரு நிமிஷமும் 'நலம்' என்று ஒரு சேதி வர வேண்டும். மூன்று நிமிஷம் வராவிட்டால் சைரன் பெட்டி தானாகவே விட்டுவிட்டு பீப் அடிக்கும். லேப்டாப் நின்றிருக்கலாம், சார்ஜர் கழன்றிருக்கலாம், எதுவானாலும் ஆள் ஏற வேண்டும். சென்சார்களுக்கும் இதே சட்டம்: ஐந்து நிமிஷம் பேசாத சென்சாரைச் சிவப்பாகவே எண்ணுகிறோம். மண் சரியும்போது கம்பும் சேர்ந்து புதைந்துவிடும், அப்போது வருவது எண் இல்லை, மௌனம்.

வெறும் சைரன் போதவில்லை. எங்கள் சைட்டில் பாதி ஆட்கள் வடக்கே இருந்து வருகிறவர்கள். சைரனுக்கு நடுவில் மூன்று மொழியில் பதிந்த குரல் ஒலிக்கும்: "ஏறு, ஏறு", "பாஹர் நிக்லோ", அப்புறம் ஒரு வங்காளித் தம்பியே தன் மொழியில் பதிந்து தந்தது. அவன் குரல் கேட்டால் அவன் ஊர்க்காரர்கள் சட்டென்று நகர்கிறார்கள்.

தினமும் காலை எட்டு மணிக்குச் சைரனை அடித்துப் பார்க்கிறோம், அப்போதே ஏறும் பழக்கமும். முதல் தடவை கடைசி ஆள் வெளியே வர 50 விநாடி ஆயிற்று. ஏணி ஒன்றுதான், அதுவும் மறுகோடியில். இரண்டாவது ஏணி வைத்ததும் 20-க்குள் வந்துவிட்டது. என் ஏற்பாட்டிலேயே அதிகம் பயன்பட்டது எது என்று கேட்டால் அந்த ஏணியைச் சொல்வேன்.

மழை

குலசேகரத்தில் கொட்டும்போது கன்னியாகுமரியில் வெயில் அடிக்கும். பேச்சிப்பாறை மழை அளவை வைத்து நாகர்கோவில் குழிக்கு முடிவெடுக்க முடியாது. சைட்டிலேயே ஒரு மழைமானி வேண்டும். உள்ளே சின்னத் தராசுத் தட்டு மாதிரி ஒன்று நிரம்பி நிரம்பிக் கவிழும், ஒவ்வொரு கவிழ்ப்புக்கும் பெரும்பாலும் 0.2 மி.மீ. வாங்கியதும் சோதியுங்கள். புனலின் வாய் 200 சதுர செ.மீ. என்றால் 0.2 மி.மீ. மழை என்பது 4 மில்லி தண்ணீர். 400 மில்லியைச் சொட்டுச் சொட்டாக ஊற்றினால் நூறு தடவை கவிழ வேண்டும். என்னுடையது 91 தான் கவிழ்ந்தது. புரோகிராமில் திருத்தம் போட்டுக்கொண்டேன்.

ஒரு மணி நேரத்தில் 10 மி.மீ. தாண்டினால் குழியைக் காலி செய்கிறோம். 24 மணி நேரத்தில் 25 மி.மீ. தாண்டினால், நானோ மேஸ்திரியோ விளிம்பைச் சுற்றி நடந்து பார்த்துக் கையெழுத்துப் போடாமல் யாரும் இறங்கக் கூடாது. வானிலைத் துறை கனமழை என்று சொல்வது 64.5 மி.மீ.-இல் தொடங்குகிறது. நம் குழிக்கு அவ்வளவு தேவையில்லை. இன்னொன்று, மழை விட்ட மறுநாள்தான் மோசம். மேலே காய்ந்திருக்கும், தண்ணீர் கீழே அந்தக் களிக்கு அப்போதுதான் போய்ச் சேர்ந்திருக்கும். நமக்கு ஆனி ஆடியிலும் மழை, ஐப்பசி கார்த்திகையிலும் மழை. வெளி மாவட்டத்திலிருந்து வரும் கான்ட்ராக்டர்கள் முதல் பாதியை மறந்துவிடுகிறார்கள்.

கேமரா

இதில் எனக்குப் பாதி நம்பிக்கைதான். ஆளையும் ஹெல்மெட்டையும் அடையாளம் காணும் யோலோ மாதிரியான இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. அக்கா மகன் அதை ஓட்டினான். முதல் வாரம், தலையில் சிமென்ட் சட்டி சுமந்த எல்லாரும் ஹெல்மெட் போட்டவர்கள் என்று அது சொல்லிவிட்டது. மஞ்சள் துண்டுத் தலைப்பாகைக்கும் அதே மரியாதை. எங்கள் சைட் படங்களையே சில நூறு எடுத்து, 'சட்டி', 'துண்டு' என்று குறித்துப் பழக்கிய பிறகு திருந்தியது. இரவில் லென்ஸ் முன்னால் சிலந்தி வலை கட்டினால், ஆள் நடமாட்டம் என்று விடிய விடிய மெசேஜ்.

கேமரா உருப்படியாகச் செய்வது இரண்டு வேலை. குழியைச் சுற்றி மண் கொட்டக் கூடாத எல்லையில் சுண்ணாம்புக் கோடு போட்டு, அது படத்தில் தெரிகிறதா என்று மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். கோடு மறைந்தால் மண்குவியல் நெருங்கிவிட்டது என்று பொருள். அடுத்து, ஹிட்டாச்சி சுழலும் வட்டத்துக்குள் ஆள் நுழைந்தால் ஆபரேட்டர் கேபினில் ஒரு பஸர். கேமராவை ஆட்கள் சாப்பிடும், ஓய்வெடுக்கும் இடத்துக்குத் திருப்பாதீர்கள். எதற்கு வைத்திருக்கிறோம் என்பதை முதல் நாளே எல்லாரிடமும் சொல்லி, திரையையும் காட்டிவிடுங்கள். வேலை செய்கிறானா என்று வேவு பார்க்க வைத்தது என்று நினைத்தால், ஒரு நாள் அதன் மேல் சாக்கு தொங்கும்.

உள்ளே எத்தனை பேர் என்று எண்ண கேமராவை நம்பவில்லை. ஏணி பக்கத்தில் பலகையில் எண் போட்ட டோக்கன்கள். இறங்கும்போது கழுத்தில், ஏறினால் பலகையில். சைரன் அடித்ததும் பலகையில் எந்த ஆணி காலியாக இருக்கிறது என்று ஒரு பார்வை பார்த்தால் போதும். மண் விழுந்து யாராவது மாட்டிக்கொண்டால், ஹிட்டாச்சியை அணைத்துவிட்டு 112, 108 இரண்டையும் அழையுங்கள். காப்பாற்ற என்று இன்னொருவர் குதிக்கக் கூடாது, மாட்டியவர் மேல் ஹிட்டாச்சியின் பக்கெட்டும் போகக் கூடாது.

கடற்கரைப் பக்கம் வேலை என்றால் எல்லா கனெக்டர்களிலும் வாசலின் தடவுங்கள். குளச்சல் பக்கம் ஒரு மாதத்தில் பச்சை பூத்துப்போன ஊசிகளைச் சுரண்டியே ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று.

நாலு சென்சார், மழைமானி, சைரன் எல்லாம் சேர்த்து எனக்கு ஒரு கொத்தனாரின் ஒரு மாதக் கூலி அளவுக்குச் செலவு வந்தது. அடுத்த சைட்டுக்கும் அதே சாமான்கள்தான் போகும். சுவர் எழும்பி, பின்னால் மண் நிரப்பித் திம்மிசு போட்டு (இடித்துக் கெட்டியாக்கி), குழி ஒன்றரை மீட்டருக்குக் குறைந்த பிறகுதான் கம்புகளைப் பிடுங்குவோம். பதிவுக் கோப்பை அழிப்பதில்லை. பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் மதில் விரிசலைக் காட்டிச் சண்டைக்கு வந்தபோது, அந்த மதிலில் ஒட்டியிருந்த சென்சாரின் மூன்று மாத வரைபடத்தை அச்செடுத்துக் கொடுத்தேன். மூக்குக் கண்ணாடியை ஏற்றி விட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "இந்த ஏத்தம் என்னது?" என்று ஒரு இடத்தில் விரல் வைத்தார். அது அவர் மகன் காரைப் பின்னால் எடுத்து மதிலில் இடித்த நாள்.